காப்பி நிறத் திட்டும் கணைக்கால் வளைவும்



கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது நம் இல்லங்களில் ஒரு தனிக் கலையாகவே இருந்து வருகிறது. பாட்டியார் மணையில் அமர்ந்து இரு கால்களையும் நீட்டிக்கொள்வார். அக்கால்களே குழந்தைக்குக் கட்டில். எண்ணெய் தடவி, முதுகை நீவி, கைகால்களை உருவி, வெந்நீர் வார்த்து முடிப்பதற்குள் அக்குழந்தையின் உடலில் அவர் கை படாத இடம் ஒன்றும் இராது. எந்த டாக்டரும் அவ்வளவு நிதானமாக, அதுவும் நாள்தோறும், ஒரு குழந்தையைப் பார்ப்பதில்லை. ஆகையால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைப் பாட்டிமார்களுக்கே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கர்நாடக மாநிலத்தில் கோபிநத்தம் என்றொரு சிற்றூர் உண்டு. ஒகேனக்கல்லுக்குத் தொலைவில்லாமல், காவிரிக் காடுகளை ஒட்டிக் கிடக்கும் ஊர் அது. பெயரைக் கேட்டதும் நேயர்களுக்குக் காடும் துப்பாக்கியும் நினைவுக்கு வரலாம். அக்கதை பலராலும் பலமுறை சொல்லப்பட்டாயிற்று. நாம் அதை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டிய செய்தி வேறு. அவ்வூர் அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது அது மைசூருடன் சேர்ந்தது. பின்னர் 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது கோபிநத்தமும் புதிய மாவட்டத்தோடு போயிற்று. வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே அங்குள்ள தமிழ்க் குடும்பத்தார் வேறு மாநிலத்தவராயினர். அடுப்படியில் தமிழ், ஆஸ்பத்திரியில் கன்னடம். பெங்களூரிலும் பம்பாயிலும் தில்லியிலும் பிழைப்பின் பொருட்டுக் குடியேறியுள்ள நம்மவர் நிலையும் ஏறக்குறைய இதுவே அல்லவா?

அவ்வூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். குழந்தைக்கு ஆறு மாதம். குளிப்பாட்டும் பாட்டியார் இரண்டு செய்திகளைக் கவனிக்கிறார். வலது கணைக்கால், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி, முன்புறமாகவும் வெளிப்புறமாகவும் சற்றே வில்போல் வளைந்திருக்கிறது; இடக்கால் நேராக இருக்கிறது. இது ஒன்று. முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும், பாலைத் தாராளமாக விட்ட காப்பியின் நிறத்தில் திட்டுகள் இருக்கின்றன. எண்ணினால் ஏழோ எட்டோ தேறும். இது மற்றொன்று. திட்டுக்குக் காரணம் ஆயத்தமாக இருக்கிறது: பிள்ளையைச் சுமந்தவள் கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாள். காலுக்கும் காரணம் இருக்கிறது: பிள்ளை வயிற்றில் மடங்கிக் கிடந்தது, நீவி உருவிவிட்டால் நேராகிவிடும்.

இரண்டையும் கண்ட கண் இரண்டையும் சேர்த்துக் காணவில்லை. விபரீதம் இங்கேதான் தொடங்குகிறது. பாட்டியாரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நகரத்தில் வாழும் படித்த பெற்றோர் திட்டைத் தோல் டாக்டரிடமும், காலை எலும்பு டாக்டரிடமும் காட்டுவர். தோல் டாக்டருக்கு முன் குழந்தையின் சட்டை கழற்றப்படும். எலும்பு டாக்டருக்கு முன் கால் மாத்திரம் நீட்டப்படும். இரு டாக்டர்களும் தத்தம் பங்கைச் சரியாகவே பார்த்திருக்கலாம். ஆனால் முழுக் குழந்தையை யாரும் பார்க்கவில்லை.

அவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கக்கூடும். அந்நோய்க்கு நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்று பெயர். அதில் முதல் வகையைப் பற்றியே நாம் பேசுகிறோம். தமிழில் நரம்பு நார்க்கட்டி நோய் எனலாம். 1882-இல் ஃபிரீடரிஷ் ஃபான் ரெக்லிங்ஹௌசன் என்னும் ஜெர்மானிய நோயியல் அறிஞர் இதனை விரிவாக விளக்கினார். அதனால் அவர் பெயராலும் இது வழங்கி வந்தது. ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் பிறக்கின்றனர். சாதி, மதம், தேசம் என்னும் வேறுபாடு இதற்கு இல்லை. நம் உடலின் உயிரணுக்கள் அளவின்றிப் பெருகாதபடி கடிவாளமிடும் புரதம் ஒன்று உண்டு. அப்புரதத்தை ஆக்கும் மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1990-இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. அம்மரபணு பழுதுபட்டால் கடிவாளம் தளர்கிறது. தோலிலும் நரம்பிலும் கண்ணிலும் எலும்பிலும் அதன் விளைவு தெரிகிறது.

ஒன்றிரண்டு காப்பி நிறத் திட்டுகள் நல்ல ஆரோக்கியமுள்ள குழந்தைகள் பலருக்கும் உண்டு. அதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பருவமெய்தாத பிள்ளைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட திட்டுகள் ஆறோ அதற்கு அதிகமோ இருந்தால்தான் டாக்டர்கள் இந்நோயைச் சந்தேகிக்கின்றனர். பின்னர் அக்குளிலும் தொடை இடுக்கிலும் எள்ளை இறைத்தாற்போல் சிறு புள்ளிகள் தோன்றும். வெயில் படாத இடத்தில் இப்புள்ளிகள் வருவதே ஐயத்தை உறுதியாக்கும். பள்ளி வயதில் கண் டாக்டர் தம் கருவியால் நோக்கினால், கருவிழியைச் சூழ்ந்த வண்ணப் படலத்தில் சின்னஞ்சிறு முடிச்சுகள் காணப்படலாம். கணைக்கால் எலும்பின் இவ்வகை வளைவும் அடையாளங்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது.

இந்நோயைக் குறித்து வீண் பீதி ஒன்றும் உலவி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், உருச் சிதைந்த உடலுடன் வாழ்ந்த ஜோசஃப் மெரிக் என்பவரை ‘யானை மனிதன்’ என்று அழைத்தனர். அவருக்கு இருந்தது இந்நோயே என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதி வந்தார்கள். 1986-இல் கனடா நாட்டு மருத்துவர் இருவர், அது இதுவன்று, மிக அரிய வேறொரு நோய் என்று எடுத்துக் காட்டினர். பழைய புத்தகத்தையோ படத்தையோ பார்த்துவிட்டு நம் குழந்தையும் அப்படி ஆகிவிடுமோ என்று உறக்கம் கெட்டவர் பலர். இந்நோயுள்ளவர்களில் பெரும்பாலோர் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தி வாழ்கின்றனர்.

இன்னொரு பேச்சும் நம் வீடுகளில் எழும். மாமன் மகளை மணந்ததால் வந்தது, சொந்தத்தில் கொடுத்ததால் வந்தது என்பர். உறவுத் திருமணத்தால் மிகும் நோய்கள் உண்டுதான். ஆனால் இந்நோய் அவ்வகையைச் சேர்ந்ததன்று. தாய் தந்தை இருவருள் ஒருவருக்கு இருந்தாலே, பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. மேலும், இந்நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் நோய் இருப்பதில்லை. மரபணுவின் பழுது புதிதாகத் தோன்றியிருக்கும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தாய் உண்டதற்கும் உண்ணாததற்கும் சம்பந்தம் இல்லை. மருமகளை நோக்கி நீளும் விரலைப் பாட்டியார் மடக்கிக்கொள்ளலாம். டாக்டர் பெற்றோரின் உடலையும் பார்க்க விரும்பினால் அதற்கு இணங்குவது நல்லது. தந்தையின் முதுகில் நாற்பது ஆண்டுகளாக யாரும் பொருட்படுத்தாத திட்டுகள் அப்போதுதான் கணக்கில் வரும்.

இனிக் காலுக்கு வருவோம். இந்நோயுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 5 பேர் அளவில் கணைக்கால் எலும்பு பழுதுபடுகிறது. சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் இதில் காலம் தாழ்த்துவதால் விளையும் கேடு பெரிது. ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறோம்.

நடக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலருக்குக் கால்கள் வளைந்து காணும். அது இரு கால்களிலும் ஒத்து இருக்கும். இரண்டு வயதளவில் தானே நேராகும். ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு மென்மை நோயிலும் பெரும்பாலும் இரு கால்களும் வளையும். வைட்டமின் டி-யும் சுண்ணாம்புச் சத்தும் கொடுத்தால் குணமாகும். வேறொரு வகையில் ஒரே கால் பின்புறமாகவும் உட்புறமாகவும் வளைந்து பிறக்கும். அதுவும் பெரும்பாலும் தானே நிமிரும். நாம் அஞ்ச வேண்டிய வளைவு, ஒரே காலில், முன்புறமாகவும் வெளிப்புறமாகவும் இருப்பது. இது பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரியும். வெளியே தெரிவது வளைவு மாத்திரமே. உள்ளே எலும்பு குறுகி, சிலருக்கு மையக் குழாயே அடைபட்டு, ஒடியும் தறுவாயில் இருக்கலாம்.

அத்தகைய கால் ஒருநாள் ஒடிகிறது. மரத்திலிருந்து விழ வேண்டியதில்லை. எழுந்து நிற்கப் பழகும் பிள்ளை தடுக்கி உட்கார்ந்தாலே போதும். நேராக்குகிறோம் என்று அழுத்தி உருவுவதும் அதற்கு நல்லதன்று.

ஒடிந்த பின்தான் இந்நோயின் கொடுமை தெரிகிறது. குழந்தைகளின் எலும்பு விரைவில் கூடும் இயல்புடையது. கட்டுப் போட்டாலும் கூடும், மாவுக்கட்டுப் போட்டாலும் கூடும். புகழ் மட்டும் கட்டியவருக்குச் சேரும். இந்த எலும்போ கூடுவதில்லை. எலும்பைப் போர்த்தியுள்ள சவ்வு இங்கே தடித்து நார்த்திசுவாக மாறி, எலும்பை நெரித்துக்கொண்டிருக்கிறது. புதிய எலும்பு தோன்ற அது இடம் கொடுப்பதில்லை. தோன்றியதையும் உடலே கரைத்துவிடுகிறது. ஒடிந்த இரு முனைகளும் பென்சிலைச் சீவியது போல் மெலிந்து, நடுவில் மூட்டே இல்லாத இடத்தில் ஒரு மூட்டு உண்டானாற்போல் ஆடத் தொடங்கும். ‘பொய்மூட்டு’ என்று பொருள்படும் பெயரால் டாக்டர்கள் இதனைக் குறிப்பது அதனால்தான். இவ்வாறு பிறவிப் பொய்மூட்டு உள்ள குழந்தைகளை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நரம்பு நார்க்கட்டி நோய் இருக்கக் காண்கிறோம்.

நாட்டுக் கட்டு ஒரு மாதம், அது பலிக்காமல் மாவுக்கட்டு மூன்று மாதம், பின்னர் வேறோர் ஊர்க் கட்டு என்று ஓராண்டு கழிந்துவிட்டால், கால் குட்டையாகி, தசை வற்றி, பின்னர் வரும் சிகிச்சையும் கடினமாகிவிடும்.

ஒடிவதற்கு முன் செய்ய வேண்டியது எளிது. குழந்தையின் காலுக்கு அச்செடுத்து, சிப்பியின் இரு ஓடுகள் போலக் கணைக்காலை முன்னும் பின்னும் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம் ஒன்று செய்து அணிவிப்பர். பிள்ளை அதனுடனே தவழும், நிற்கும், ஓடும். வளர வளரக் கவசத்தை மாற்ற வேண்டும். எலும்பின் வளர்ச்சி நிற்கும் வரையில் அணிய வேண்டி வரலாம். பார்ப்பவர்கள் கேட்பார்களே என்று விருந்துக்கும் திருமணத்துக்கும் அதைக் கழற்றி வைப்பது நம்மவர் வழக்கம். விருந்தில்தான் பிள்ளை அதிகம் ஓடும் என்பதை மறந்துவிடுகிறோம். மற்றொன்றையும் சொல்லவேண்டும். ஒடியாத இவ்வளைவை நேராக்குவதற்காக மட்டும் எலும்பை அறுப்பது தகாது என்பது நிபுணர்களின் கருத்து. அறுத்த இடமே பொய்மூட்டாக மாறிவிடக்கூடும். திட்டுகளைப் பற்றி எலும்பு டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே.

ஒடிந்துவிட்டால் அறுவைச் சிகிச்சை இன்றித் தீராது. கெட்ட சவ்வையும் நார்த்திசுவையும் முற்றிலும் அகற்றி, எலும்பின் உட்குழாயில் உலோகக் கம்பியைச் செலுத்தி, வேறிடத்திலிருந்து எடுத்த நல்ல எலும்பை ஒட்டவைப்பது ஒரு முறை. மறுகாலின் மெல்லெலும்பை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் துணையால் பொருத்துவது இன்னொரு முறை. சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்னும் ரஷ்ய டாக்டர் உருவாக்கிய வளையக் கருவியை வெளியே மாட்டி, எலும்பை நெருக்கியும் நீட்டியும் வளர்ப்பது பிறிதொன்று. நம் நாட்டிலும் இத்துறையில் நல்ல பணி நடந்திருக்கிறது. கர்நாடகத்தின் மணிப்பாலில் பேராசிரியர் பெஞ்சமின் ஜோசஃபும் அவருடைய சகாக்களும் இச்சிகிச்சையைப் பற்றி 2000-லும் 2003-லும் ஆய்வுரைகள் வெளியிட்டனர். பிள்ளைக்கு வயது ஏறட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்து எலும்பைக் கூடச் செய்யலாம் என்பதை அவர்கள் பணி காட்டியது.

எலும்பு கூடிவிட்டது என்று படத்தில் கண்ட பிறகும் ஓய்வு இல்லை. கூடிய இடம் மீண்டும் ஒடியலாம். கவசம் தொடர வேண்டும். கால் நீளம் குறைந்தால் அதற்கும் பரிகாரம் தேட வேண்டும். பல முறை முயன்றும் கூடாத சிலருக்கு, காலின் கீழ்ப்பகுதியை நீக்கிச் செயற்கைக் கால் பொருத்துவதே மேல் என்று டாக்டர்கள் கூறும் நிலையும் வரும். கேட்பதற்கு நெஞ்சு பதறும் செய்திதான். ஆயினும் பத்து அறுவைச் சிகிச்சைகளில் பள்ளிப் பருவம் முழுவதையும் படுக்கையில் கழிப்பதா, நல்ல செயற்கைக் காலுடன் விளையாட்டுத் திடலுக்குப் போவதா என்று பிள்ளையின் பக்கத்திலிருந்தும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் மொழியைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. கன்னடத்தில் எலும்புக்கு ‘மூளெ’ என்று பெயர். தமிழ்க் காதில் அது மூளை என்றே விழும். கோபிநத்தத்தில் இரு மொழியும் பழகியவர்களுக்கு இதில் தடுமாற்றம் இராது. அண்மையில் மைசூருக்கோ பெங்களூருக்கோ குடிவந்த ஒரு தாயிடம், டாக்டர் காலைக் காட்டி ‘மூளெ’யில் கோளாறு என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? நோயின் பெயரில் நரம்பு வேறு வருகிறது! பிள்ளைக்கு மூளைக் கோளாறு என்று முடிவு கட்டி, ஊருக்குக் கடிதமோ தொலைபேசியோ பறந்துவிடும். முதுகெலும்பு கன்னடத்தில் ‘பென்னு மூளெ’. மூளைக்கு அவர்கள் சொல் ‘மெதுளு’. திட்டையும் மச்சத்தையும் ‘மச்செ’ என்பர். அது நமக்கு எளிதில் விளங்கும். கால் அவர்களுக்கும் ‘காலு’தான். இந்த நான்கைந்து சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் பாதிக் கவலை குறையும்.

முதுகெலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் பார்த்தால் காலைவிட முதுகே அதிகம் பாதிக்கப்படுகிறது. இந்நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 10 முதல் 30 பேர் வரையில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது. ஒரு வகை, பருவ வயதில் வரும் சாதாரண வளைவை ஒத்தது; கண்காணிப்பும் இடுப்புக் கவசமும் அதற்கு உதவும். மற்றொரு வகை பொல்லாதது. பத்து வயதுக்கு முன்பே தோன்றி, நாலைந்து முதுகெலும்புகளில் குறுகலாகவும் கூர்மையாகவும் வளைந்து, சில மாதங்களிலேயே மோசமாகிவிடும். கவசத்துக்கு அது அடங்குவதில்லை. இளம் வயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்து எலும்புகளை இணைக்க வேண்டி வரும். முதுகுத் தண்டுக் குழாயினுள் கட்டி இருக்கக்கூடும் ஆதலால், அதற்கு முன் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பது இன்றியமையாதது.

இதனைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பிள்ளையைச் சட்டையின்றி நிற்கவைத்து, முழங்காலை மடக்காமல், கைகளைச் சேர்த்துக் கொண்டு முன்னால் குனியச் சொல்லவேண்டும். பின்னாலிருந்து முதுகை நோக்கினால் இரு புறமும் சமமாக இருக்க வேண்டும். ஒருபுறம் மேடிட்டுத் தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமையில் செய்துவிடலாம். பெண் பிள்ளைகள் எட்டு வயதுக்கு மேல் தாமே குளிக்கத் தொடங்கிவிடுவதால், அவர்கள் முதுகை யாரும் பார்ப்பதே இல்லை. வளைவு மிகுந்த பின்னர் இரவிக்கை அளவெடுக்கும் தையற்காரர் சொல்லித்தான் வீட்டாருக்குத் தெரியவரும்.

சிலருக்குக் கண்குழியின் பின்சுவரான எலும்பு சரியாக உருவாகாமல் கண் முன்தள்ளித் துடிப்பதுண்டு. சிலருக்கு நெஞ்செலும்பு குழிந்திருக்கும். எலும்பின் அடர்த்தி பொதுவாகவே சற்றுக் குறைவு. இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதும் உண்டு. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் அம்மருந்தைக் கொடுப்பதால் மேலும் நன்மை இல்லை, தீமை உண்டு.

இனி, ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கென்றே சில வார்த்தைகள். கோபிநத்தத்திலிருந்து பாலாற்றுப் பக்கம் இறங்கினால் மேட்டூருக்கும் சேலத்துக்கும் போகலாம். மாதேசுவரன் மலை வழியாகக் கொள்ளேகாலுக்கும் மைசூருக்கும் போகலாம். ஒரு முறை இப்பக்கமும் மறு முறை அப்பக்கமும் போவது இயல்பு. வேலை மாற்றத்தால் ஊர் மாறுவோருக்கும் இதுவே கதி. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் புதிதாகப் படம் எடுப்பார்கள். முந்திய படம் இல்லையேல் வளைவு வளர்கிறதா, நிற்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்நோயில் அந்த ஒப்பீடே உயிர்நாடி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பழைய படத்தை எடுத்த அதே நிலையில் பிள்ளையைக் கிடத்தி, பக்கவாட்டில் கைப்பேசியால் ஒரு படம் எடுத்து வைத்தாலும் டாக்டருக்கு உதவும்.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் அட்டை உடையவர்கள், அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பிற மாநிலங்களிலும் அதனைப் பயன்படுத்தலாம். மாநில அரசுகளின் தனிக் காப்பீடுகள் எல்லாம் அவ்வாறு எல்லை தாண்டி வருவதில்லை. ஆகவே படுக்கையில் சேர்ப்பதற்கு முன்பே, எந்த அட்டை செல்லும் என்று அங்குள்ள உதவி மேசையில் கேட்டுவிட வேண்டும். நடையில் நிலையான குறை ஏற்பட்ட பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறலாம். அது இந்தியா முழுவதும் செல்லும்.

சீட்டெழுதும் இடத்தில், காலுக்கு வந்திருக்கிறோம் என்று மட்டும் சொல்லாமல், உடம்பில் திட்டுகளும் உண்டு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டியாரும் உடன் வந்தால் நலம். எத்தனை திட்டு, எப்போது தோன்றியது, கால் எந்த மாதத்திலிருந்து வளைந்தது என்பது அவருக்கே தெரியும். எக்ஸ்ரே படங்களைச் சுருட்டாமல், வெயில் படாமல், ஒரே உறையில் வைத்து, உறையின் மேல் எடுத்த தேதியையும் வலக்காலா இடக்காலா என்பதையும் தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதி வைப்பது நல்லது.